மயிலாப்பூரில் 40 கிலோ பழைய துணி: எதை எங்கே கொடுப்பது, அப்படியே மாட வீதியில் ஒரு மாலை

மாடவீதிவாசி
வீடு மாற்றம். துணி மட்டும் 40 கிலோ தேறும். காட்டன் புடவை, வேட்டி, ஜீன்ஸ், டி-ஷர்ட், ஸ்கூல் யூனிஃபார்ம், மூணு பட்டு, கிழிஞ்ச பெட்ஷீட், தலையணை உறை. மொத்தத்தையும் ஒரே இடத்துல இறக்கிட்டு வர முடியுமா? போகி வருது, ஆனா எரிக்கிற எண்ணம் இல்லை. வெளியூர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. அதே சனிக்கிழமை சாயங்காலம் அவங்களை மாட வீதி சுத்திக் காட்டணும். ரெண்டையும் ஒரே நாள்ல முடிக்க வழி சொல்லுங்க.

சலவைக்குறி
ஒரே இடத்துல இறக்கணும்னு நினைக்கிறதுலதான் எல்லாம் கெடுது. பட்டும் கிழிஞ்ச பெட்ஷீட்டும் ஒரே மூட்டையில போனா, வாங்குற இடத்துல மேலே கையை விட்டு முதல்ல எது வருதோ அதை வெச்சு மொத்த மூட்டைக்கும் தரம் போட்டுடுவாங்க.

வீட்டிலேயே தரையில பழைய பாய் விரிச்சு நாலு குவியல் போடுங்க:

முதல் குவியல்: துவைச்சு அப்படியே நாளைக்கே உடுத்தலாம்.
இரண்டாவது: பட்டன், ஜிப், ஓரம் மாதிரி அரை மணி வேலை இருக்கு.
மூணாவது: உடுத்த முடியாது, ஆனா துணி கெட்டி. வேட்டி, காட்டன் புடவை, பெட்ஷீட் எல்லாம் இங்கே.
நாலாவது: உள்ளாடை, எலாஸ்டிக் போனது, பூசணம் பிடிச்சது, பெயின்ட் பட்டது.

சந்தேகம் இருந்தா ஒரு குவியல் கீழே தள்ளுங்க, மேலே ஏத்தாதீங்க. "யாராவது உடுத்திப்பாங்க"ன்னு முதல் குவியல்ல போடுற சாயம்போன சட்டைதான் கடைசியில பெருங்குடி குப்பைமேட்டுக்குப் போய்ச் சேருது.

எடைக் கணக்கு: டி-ஷர்ட் 150 முதல் 180 கிராம், ஜீன்ஸ் 600 முதல் 800, காட்டன் புடவை அரை கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, டபுள் பெட்ஷீட் ஒரு கிலோவுக்குப் பக்கம். 40 கிலோன்னா சுமார் நூறு உருப்படி. ஒருத்தர் உக்காந்தா ரெண்டு மணி நேரம். சனிக்கிழமை காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் மாட வீதி கிடையாது. வெள்ளிக்கிழமை ராத்திரியே பிரிச்சு வெச்சுடுங்க.

இன்னொண்ணு, ஈரம். இந்த ஊர் காத்துல பருத்தி தானாவே தண்ணி இழுக்கும். முழுக்கக் காயாத ஒரு டவலை பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெச்சா நாலஞ்சு நாள்ல கவர் முழுக்கப் பூசண வாடை. துவைச்சு வெயில்ல காயவெச்சு, சூடு ஆறினப்புறம் கட்டணும். பாச்சை உருண்டை போட்டு வெச்ச துணின்னா ரெண்டு நாள் மொட்டைமாடிக் கொடியில தொங்கவிடுங்க. அந்த வாடையோட கொடுத்தா குழந்தைத் துணியை யாரும் தொட மாட்டாங்க.

மாடவீதிவாசி
நன்றி சார். மூணாவது குவியல்தான் பெருசா வரும்போல. அதையெல்லாம் திருப்பூர் மில்லுக்கு அனுப்பிடலாம், நூலாக்கிடுவாங்கன்னு கேள்விப்பட்டது சரியா?

பனியன்சிட்டி
பாதி சரி. திருப்பூர் பக்கம் பழசுலேர்ந்து நூல் எடுக்கிறது உண்மை. ஆனா அங்கே ஓடுறதுல பெரும்பங்கு வீட்டுத் துணி இல்லை, கட்டிங் வேஸ்ட். பனியன் கம்பெனி மேஜையில வெட்டும்போது விழுற துண்டு. அது எந்த நூல், எந்தக் கலர், எத்தனை சதவீதம் பருத்தின்னு கம்பெனிக்கே தெரியும். வெள்ளை தனி, கறுப்பு தனி, மெலாஞ்ச் (பல கலர் இழை கலந்தது) தனின்னு பிரிச்சு வரும், கலரை வெச்சே விலை. அதைத் துண்டாக்கி, முள் உருளையில கிழிச்சுப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்லுல நூலாக்குவாங்க.

கலர் பிரிக்கிறது ஏன் முக்கியம்னா, நீலத் துண்டுலேர்ந்து நீல நூல் வந்தா சாயம் போட வேண்டாம். 2011ல நீதிமன்ற உத்தரவால திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடின கதை எல்லாருக்கும் தெரியும். சாயக்கழிவை வெளியே விடாம ஓட்டுறதுக்கு ஆகுற செலவைப் பார்த்தா, ஏற்கனவே சாயம் ஏறின பஞ்சு லாபம்தான்.

வீட்டுத் துணியில மில்லுக்கு மூணு தலைவலி. ஒண்ணு, லேபிள் கிழிஞ்சிருக்கும், கலவை தெரியாது. ரெண்டு, லைக்ரா. ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ், லெக்கிங்ஸ்ல இருக்கிற அந்த ரப்பர் மாதிரி இழை கிழியாம நீண்டு உருளையைச் சுத்திக்கும். மெஷினை நிறுத்தி அறுத்தெடுக்கணும். மூணு, ஜிப், ரிவெட், கொக்கி. ஒரு ஜீன்ஸ் ரிவெட் உள்ளே போனா முள் போச்சு.

கிழிச்ச பஞ்சோட இழை குட்டையாயிடும். அதனால புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ சேர்த்துத்தான் நூல் நிக்கும். நூலும் தடிமனாத்தான் வரும். கால்மிதி, கையுறை, சமையலறை டவல், மலிவுப் போர்வைக்குச் சரி. சட்டைத் துணிக்கு ஆகாது. பழைய சட்டை புதுச் சட்டையா திரும்பி வரும்னு விளம்பரத்துல வர்றதை நம்பி மூட்டை கட்டாதீங்க.

மயிலாப்பூர்லேர்ந்து பத்துப் பதினஞ்சு கிலோ திருப்பூருக்கு பார்சல் போட்டா, பார்சல் கூலிக்கு அந்தத் துணி தேறாது. லாரி லோடு கணக்குல ஓடுற தொழில் இது.

கெட்டியான காட்டன் பனியன், டி-ஷர்ட்டுக்கு உள்ளூர்லயே வேலை இருக்கு. ஒர்க்‌ஷாப்புல எண்ணெய் துடைக்கிற துணி, அதாவது "பனியன் வேஸ்ட்". சுமார் 30 சென்டிமீட்டர் சதுரமா வெட்டி, தையல் மடிப்பு, பட்டன், பிளாஸ்டிக் பிரின்ட் பகுதியை நீக்கிட்டா தெருமுனை மெக்கானிக் சந்தோஷமா வாங்கிப்பார். பாலியஸ்டர் வேண்டாம், எண்ணெயை உறிஞ்சாம வழிச்சுத் தள்ளும். பிரின்ட்டும் பட்டனும் வண்டி பெயின்ட்ல கோடு போடும்.

சலவைக்குறி
காட்டனா பாலியஸ்டரான்னு தெரியலைன்னா ஓரத்துலேர்ந்து ஒரே ஒரு இழை உருவி, இடுக்கியில பிடிச்சு, தண்ணி ஊத்தின தட்டுக்கு மேலே கொளுத்திப் பாருங்க. காகிதம் எரிஞ்ச வாசனை, தொட்டா உதிர்ற சாம்பல்னா பருத்தி. சுருங்கி உருகி, ஆறினதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியா நின்னா பாலியஸ்டர். முடி கருகின நாத்தம், நசுக்கினா பொடியாகிற கரின்னா பட்டு அல்லது கம்பளி. சாம்பலும் இருக்கு, மணியும் இருக்குன்னா கலப்பு. உருகுற சொட்டு கையில ஒட்டினா தோலோட வரும், அதனால இடுக்கி கட்டாயம்.

போகியில துணியை எரிக்கிறதும் இதேதான், பெரிய அளவுல. 2018 போகியன்னிக்குப் புகையும் பனியும் சேர்ந்து சென்னைக்கு வர்ற விமானங்களையே வேற ஊருக்குத் திருப்பிவிட்டாங்க.

லஸ்முனை
முதல் குவியலுக்கு: கூஞ்ச் அமைப்புக்குச் சென்னையிலும் ஆள் இருக்காங்க. 1999லேர்ந்து இதே வேலை. அன்ஷு குப்தா தொடங்கினது, அவருக்கு 2015ல மகசேசே விருது கிடைச்சுது. கிராமத்துல குளம் வெட்டுறது, பாதை போடுறது மாதிரி பொது வேலைக்குக் கூலியா துணி கொடுக்கிறது அவங்க முறை. மெல்லிசான பருத்தித் துணியை மாதவிடாய்த் துணியாகவும் தைக்கிறாங்க. அதனால வெளுத்துப்போன காட்டன் புடவைகூட அங்கே வீணாகாது. போறதுக்கு முன்னாடி எடுக்கிற நாளையும் நேரத்தையும் கேட்டுக்கோங்க.

கொஞ்சமா இருந்தா பெசன்ட் நகர்ல, தேவைப்படறவங்க சாப்பாடு எடுத்துக்கிற "அய்யமிட்டு உண்" பொதுக் குளிர்பெட்டி இருக்கே, 2017லேர்ந்து, அதுக்குப் பக்கத்துத் தட்டுல துணியும் வைக்கலாம். நாலஞ்சு உருப்படி, மடிச்சு. அங்கே மூட்டையைத் தள்ளிட்டு வந்தா தெருநாய் இழுத்துப் போடும்.

யூனிஃபார்ம்ல பள்ளி முத்திரை இருந்தா உள்பக்கமா பிளேடால தையலை அறுத்து எடுத்துடுங்க. வெளிப்பக்கத்துலேர்ந்து அறுத்தா பாக்கெட் கிழியும். முத்திரையே அச்சடிச்சதா இருந்தா அதே பள்ளியில அடுத்த வகுப்புப் பிள்ளைக்குத்தான் கொடுக்க முடியும்.

தண்ணித்துறை
எதுக்கு இவ்வளவு சுத்தணும்? தெருவுல "பழைய துணிக்குப் பாத்திரம்"னு கூவிக்கிட்டு வர்ற அம்மாகிட்ட போட்டா வேலை முடிஞ்சுது. எவர்சில்வர் டப்பாவும் கிடைக்கும்.

சலவைக்குறி
தப்பே இல்லை தண்ணித்துறை. இந்த ஊர்ல பழைய துணியைத் துணியாவே திரும்ப விக்கிற ஒழுங்கான ஏற்பாடுன்னா அவங்கதான். துவைச்சு, கிழிசல் தைச்சு, பெட்டி போட்டு விக்கிற வரைக்கும் அவங்க வயித்துப்பாடு அதுலதான் இருக்கு, அதனால ஒரு பட்டனைக்கூட வீணாக்க மாட்டாங்க. இப்படி வர்ற உடுப்பைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலயும் பாக்கலாம். ஆனா அவங்க எடுக்கிறது பேன்ட், சட்டை, புடவை. கிழிஞ்ச பெட்ஷீட்டுக்கு டப்பா கேட்டா சிரிப்பாங்க. ஜரிகை போட்ட பட்டை மட்டும் பேரத்துல சேர்க்காதீங்க.

மாடவீதிவாசி
அந்த மூணு பட்டு பத்தி யாராவது சொல்லுங்களேன். வாசல்ல "பழைய பட்டுப்புடவை, ஜரிகை வாங்குறது"ன்னு வர்றவர் ஒரே விலை சொல்றார், மூணும் சேர்த்து.

கெட்டிக்கரை
மூணும் சேர்த்து விலை சொன்னா கதவைச் சாத்துங்க. அவர் வாங்குறது புடவையை இல்லை, ஜரிகையில இருக்கிற வெள்ளியை. காஞ்சிபுரத்து அசல் ஜரிகைன்னா நடுவுல சிவப்புச் சாயம் போட்ட பட்டிழை, அதைச் சுத்தித் தட்டையான வெள்ளிக் கம்பி, அதுக்கு மேலே தங்கம் பூச்சு மாதிரி. அவங்க எரிச்சு உருக்கி வெள்ளியைப் பிரிப்பாங்க.

வீட்டுலயே ஒரு சோதனை. முந்தானையின் உள்பக்கம், வெளியே தெரியாத மூலையில, ஊசியால ஒரு ஜரிகை இழையை வெளியே இழுங்க. நகத்தால அழுத்தி உரசுங்க. உறை பிரிஞ்சு உள்ளே சிவப்பு இழை தெரிஞ்சா மேற்கொண்டு விசாரிக்கலாம். வெள்ளை, மஞ்சள் நூலோ, நைலான் மாதிரி வழவழப்போ வந்தா அதுல வெள்ளி இல்லை. சிவப்பு வந்தாலே அசல்னு முடிவு கட்டாதீங்க, செம்பு எவ்வளவு சேர்ந்திருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. உரைகல்லுலயோ உலோகக் கலவையைக் காட்டுற எக்ஸ்ஆர்எஃப் கருவியிலயோ பாத்தாத்தான் தெரியும். அப்புறம் ஒவ்வொரு புடவைக்கும் தனித்தனியா பேசுங்க. கரை விரல் அகலமா சாண் அகலமா, முந்தானை எத்தனை அங்குலம், அதுலதான் காசு. உடல் முழுக்க வெறும் பட்டு. அதுக்கு அவர் ஒண்ணும் தரமாட்டார்.

எரிக்கக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, துணி இத்துப்போச்சான்னு பாருங்க. மடிப்பு விழுந்த இடத்துல ரெண்டு கையாலயும் மெதுவா இழுங்க. சரசரன்னு கோடு விட்டுக் கிழிஞ்சா பட்டு செத்துப்போச்சு. நின்னா உயிர் இருக்கு, பட்டுப் பாவாடை வெட்டலாம். அஞ்சு வயசுக் குழந்தைக்குப் பாவாடை நீளம் 60 சென்டிமீட்டர்னா, கரையிலேர்ந்து மேலே 75 அளந்து வெட்டுங்க. மேலதிகம் 15ஐ உள்ளே மடிப்பா வெச்சுத் தைச்சா ரெண்டு மூணு வருஷம் மடிப்பை அவிழ்த்து அவிழ்த்து நீட்டிக்கலாம். சுத்துக்கு இரண்டரை மீட்டர். முந்தானைப் பக்கத்துல சட்டை. மிச்சத் துண்டுல மரப்பாச்சிக்குப் புடவை, கொலு வரைக்கும் பெட்டியில கிடக்கட்டும்.

ஊசிநூல்
மூணாவது குவியல் வேட்டிக்குக் கணக்கு இதோ. நாலு முழ வேட்டி சுமார் 200 × 125 செ.மீ. பை ஒண்ணுக்கு உடல் துண்டு 38 × 84, கைப்பிடி 8 × 45ல ரெண்டு.

அகலம் 125ல 38 வீதம் மூணு போக 11 மிச்சம். நீளம் 200ல 84 வீதம் ரெண்டு போக 32 மிச்சம். ஆக ஆறு உடல் துண்டு. 11 அகலப் பட்டையில நாலு கைப்பிடி, 32 உயரத் துண்டுல எட்டு கைப்பிடி. மொத்தம் பன்னிரண்டு, சரியா ஆறு பைக்கு. கரை வர்ற பக்கத்துலேர்ந்து அந்த 11 பட்டையை எடுங்க. கரை நெசவு கெட்டி, கைப்பிடிக்கு அதுதான் தாங்கும்.

தப்பு எங்கே வருதுன்னா, பல வருஷம் துவைச்ச வேட்டி நடுவுல சல்லடையாயிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பாருங்க. மறுபக்கத்துல விரல் தெளிவா தெரிஞ்சா ஒத்தைத் துணியில தைக்காதீங்க, ரெண்டு ரெண்டா சேர்த்து மூணு பையா தைங்க. ஒத்தையில தைச்சா தேங்காய் வாங்கின அன்னிக்கே கைப்பிடி வேர்ல பிய்யும். கைப்பிடியை வாய் மடிப்புக்குள்ள 4 செ.மீ. இறக்கி, சதுரமும் குறுக்குக் கோடுமா அடிக்கணும்.

தண்ணித்துறை
ஏற்கனவே ஒவ்வொரு வீட்டுலயும் கல்யாணத் தாம்பூலப் பை நாப்பது தொங்குது. 2021 டிசம்பர்ல "மீண்டும் மஞ்சப்பை" வந்ததுலேர்ந்து இன்னும் இருபது. இன்னும் ஆறு எதுக்கு?

ஊசிநூல்
நியாயமான கேள்வி. பை வேண்டாம்னா அந்த வேட்டியைத் தைக்காம அப்படியே வைங்க. வடாம் பிழிய, தூளி கட்ட, கைக்குழந்தைக்கு அணைதுணி. புது வேட்டியில கஞ்சி இருக்கும், வடாம் ஒட்டும், உரிக்கும்போது உடையும். நூறு தடவை துவைச்ச வேட்டிதான் விடும்.

புடவைக்குப் போர்வை: ஐந்தரை மீட்டர்ல 2.2 மீட்டர் துண்டு ரெண்டு, நீளவாக்குல பக்கத்துல பக்கத்துல இணைச்சா டபுள் கட்டிலுக்கு ஒரு அடுக்கு. நாலு புடவைன்னா நாலு அடுக்கு. சுங்குடி மாதிரி அடர்சாயப் புடவையை முதல்ல சோதிங்க. நனைச்ச வெள்ளைத் துணியை மேலே வெச்சுப் பத்து வினாடி இஸ்திரிப்பெட்டி அழுத்துங்க. வெள்ளையில கலர் இறங்கினா அதை உள்ளடுக்குலகூட வைக்காதீங்க. ஓட்டுத் தையலை நடுவுலேர்ந்து ஓரத்துக்குப் போடணும், வரிக்கு வரி நாலு விரல். ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சா நடுவுல துணி குவிஞ்சு தொப்பை போடும். மெஷின்ல அடிச்சா ஊசி 16ஆம் நம்பர்.

லஸ்முனை
ரெண்டாவது குவியலைச் சாயங்கால நடையோட சேர்த்துடலாம். மாட வீதியைச் சுத்தின சந்துகள்ல மெஷின் போட்டு உக்காந்திருக்கிற ஆல்டரேஷன் டெய்லர்கள்கிட்ட நாலு மணிக்குக் கொடுத்தா திரும்பி வரும்போது வாங்கிக்கலாம். ஜிப் மாத்துறது, ஓரம் அடிக்கிறது எல்லாருக்கும் தெரியும். காலர் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்க. சட்டையில முதல்ல நைஞ்சுபோறது காலர் மடிப்பு. காலரைப் பட்டையிலேர்ந்து பிரிச்சு, அடிப்பக்கத்தை மேலாக்கி, அதே தையல் தடத்துல திரும்ப வெச்சு அடிப்பார். புதுசு மாதிரி இருக்கும். காலர் முனையில உள்பக்கம் பிளாஸ்டிக் குச்சி செருகுற பை இருக்கிற சட்டைக்கு மட்டும் வேண்டாம், அந்தப் பை வெளியே தெரியும்.

இனி அப்பா அம்மாவுக்கு. பறக்கும் ரயில்ல திருமயிலை இறங்குங்க. மெட்ரோ வேலையால லஸ் பக்கம் தடுப்பும் சுத்துவழியும் அடிக்கடி மாறுது. ஆட்டோக்காரர் எங்கேயாவது இறக்கிவிட்டு நடக்கச் சொல்வார். கபாலீசுவரர் கோயில் மத்தியானம் சாத்தி நாலு மணிவாக்குல திறக்கும். திறந்த முதல் அரை மணி நேரத்துல பெரியவங்களுக்குப் பிராகாரம் சுத்த இடம் இருக்கும், கல்லு மட்டும் சுடும், சாக்ஸ் எடுத்துக்கோங்க. வெளியே வந்து தெற்கு மாட வீதியில காய்கறி, பூ. வாழைப்பூ, மாகாளிக்கிழங்குன்னு தட்டுல பரப்பி வெச்சு விக்கிறவங்க பக்கத்துல நின்னாலே அம்மாவுக்குப் பொழுது போயிடும். காளத்தி கடை ரோஸ் மில்க். பசிச்சா பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடையில பஜ்ஜி, ஆனா அங்கே நின்னுக்கிட்டுத்தான் சாப்பிடணும். முட்டி வலி இருந்தா கிழக்கு மாட வீதி கற்பகாம்பாள் மெஸ்ல உக்காரலாம்.

தண்ணித்துறை
ஆறரை மணிக்கு மேலே சனிக்கிழமை கூட்டத்துல பெரியவங்களை இழுத்துக்கிட்டு நடக்காதீங்க. அதுக்குள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு நகர்ந்துடுங்க, பெஞ்சு இருக்கு. மூட்டையையும் கூட்டிக்கிட்டு வீதி சுத்தாதீங்க. பங்குனியில அறுபத்துமூவர் அன்னிக்கு இந்தத் திட்டமே நடக்காது, எட்டாம் திருநாள், தெருவுல கால் வைக்க இடம் கிடைக்காது.

மாடவீதிவாசி
அருமை. நாலாவது குவியல் மட்டும் பாக்கி. ஏழெட்டு கிலோ வரும், அதுல ஒரு பழைய மெத்தையும்.

சலவைக்குறி
உள்ளாடையை யாருக்கும் கொடுக்காதீங்க. பனியனை மட்டும் கிழிச்சுத் துடைக்கிற துணியாக்குங்க, மத்தது உலர் குப்பை. ஈரக் குப்பையில போட்டா உரக்கிடங்குல மெஷினைச் சுத்திக்கும், திருப்பூர்க்காரர் சொன்ன அதே லைக்ரா. மெத்தைக்கு மாநகராட்சி உதவி எண் 1913ல பதிவு பண்ணுங்க. பழைய சோபா, மெத்தை, துணியைச் சனிக்கிழமைகள்ல வீட்டுக்கே வந்து எடுக்கிற ஏற்பாட்டை மாநகராட்சி 2025 அக்டோபர்ல தொடங்கினாங்க. அது மணலி எரியூட்டிக்குப் போகும், அதனால நல்ல துணியைச் சோம்பேறித்தனத்துல அந்த வண்டியில ஏத்திடாதீங்க.

ஊசிநூல்
மூட்டை கட்டக் கயிறோ டேப்போ வாங்க வேண்டாம். பழைய உள்பாவாடை நாடாவை உருவிக்கோங்க, ஒவ்வொண்ணும் ரெண்டு மீட்டருக்கு மேலே வரும். டேப் ஒட்டினா பிரிக்கிறவங்க கத்தியால கீறுவாங்க, மேலே இருக்கிற ரெண்டு சட்டை போச்சு. நாடாவைச் சுருக்குமுடிச்சாப் போடுங்க, இழுத்தா அவிழணும்.

மாடவீதிவாசி
நாடா ஏழு தேறுது. மூட்டை அஞ்சுதான்.

ஊசிநூல்
மிச்சம் ரெண்டுல பேன்ட்டையெல்லாம் கட்டுங்க. பாத்திரக்காரம்மா முதல்ல அதைத்தான் எண்ணுவாங்க.